பூனை வாஷ்பேசினில் போய் உட்கார்ந்தால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள்

ஆண் பூனை வளர்க்கிறவர்களில் பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. சிறுநீர் முழுதாக அடைத்துக்கொண்டால் ஆண் பூனை இரண்டு மூன்று நாளில் செத்துப்போகும். அதற்கு முன்னால் அது காட்டுகிற அறிகுறிகளில் பாதி, பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையான சேட்டையாகத்தான் தெரியும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. தடுப்பூசி போட்டபோது சொல்லவில்லை, கருத்தடை ஆபரேஷன் செய்தபோதும் சொல்லவில்லை, மாதாமாதம் டிரை ஃபுட் (பாக்கெட்டில் வருகிற உலர் தீனி) வாங்குகிற கடையிலும் சொல்லவில்லை. அறுபதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்து, பல ராத்திரி தூக்கத்தைத் தொலைத்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வேறு யாருக்காவது முன்கூட்டியே உதவட்டும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பூனையின் பெயர் கேசரி, நிறமும் அதேதான். விருகம்பாக்கத்தில் ஒரு சின்ன வீட்டில் நானும் அவனும் மட்டும். அம்மா பாளையங்கோட்டையில் இருக்கிறார். கேசரிக்கு அப்போது நான்கு வயது, கருத்தடை ஆனவன், கொஞ்சம் குண்டு, வெளியே போகிற வழக்கம் கிடையாது. இந்த விவரங்களை எதற்குச் சொல்கிறேன் என்றால், பிறகு டாக்டர் சொன்னார், இந்த நோய் வருகிற பூனைகளின் ஜாதகமே இதுதானாம்: நடுவயது, ஆண், குண்டு, வீட்டுக்குள்ளேயே இருப்பது, டிரை ஃபுட் மட்டும் சாப்பிடுவது. உங்கள் பூனையும் இப்படி என்றால் இதை முழுக்கப் படியுங்கள்.

பூனையின் விசித்திரப் பழக்கங்கள் எனக்குப் புதிதில்லை. போர்வையை முன்னங்கால்களால் மாற்றி மாற்றி அமுக்குவான். குட்டியாக இருந்தபோது பால் இறங்குவதற்காகத் தாயின் மடியை அமுக்கிய பழக்கம் பெரிதானபின்னும் மிச்சம் இருக்கிறது. நான் கழற்றிப்போட்ட சாக்ஸை மோந்துவிட்டு வாயைப் பாதி திறந்தபடி அப்படியே நிற்பான். வாயின் மேற்புறத்தில் வாசனை அறிய இன்னொரு உறுப்பு இருப்பதால் காற்றை அதற்குள் இழுக்கிறான். கன்னத்தைக் கதவு மூலையில் தேய்ப்பது, அங்கிருக்கும் சுரப்பிகளால் தன் வாசனையைப் பூசுவதற்கு. விடியற்காலை நாலரைக்கு ஹாலில் ஓட்டப்பந்தயம் நடத்துவது, விடியலும் அந்தியும் பூனைக்கு வேட்டை நேரம் என்பதால். பால்கனித் தொட்டியில் முளைத்த குப்பைமேனியைப் பிடுங்கிப்போட்டால் அதன் வேர்மேல் விழுந்து புரள்வான். பூனைவணங்கி என்றும் அந்தச் செடிக்கு ஒரு பெயர் உண்டு, வெளிநாட்டில் பூனைகளைக் கிறங்கவைக்கிற கேட்னிப் என்ற செடி மாதிரி, நம் ஊர்ப் பூனைகளுக்கு இது. கண்ணை மெதுவாக மூடித் திறந்தால் அவனும் அப்படியே செய்வான். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2020ல் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படிக் கண் சிமிட்டுகிறவரிடம், அவர் புது ஆளாகவே இருந்தாலும், பூனைகள் அதிகம் நெருங்கி வந்தனவாம். இதெல்லாம் அவன் குட்டியிலிருந்து செய்கிறவை, கவலைப்பட ஒன்றுமில்லை.

ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை அவன் செய்தது அதற்கு முன் செய்யாதது. வாஷ்பேசினுக்குள் ஏறிக் குந்தி உட்கார்ந்தான். இறக்கிவிட்டேன், குளியலறைத் தரையில் போய்க் குந்தினான். அப்புறம் லிட்டர் டிரே, அதாவது அவன் கழிவறையாகப் பயன்படுத்துகிற மணல் தட்டு. உள்ளே போவது, மணலைத் தோண்டுவது, குந்துவது, வெளியே வருவது, அடியில் நக்குவது, மறுபடி உள்ளே போவது. தொண்டைக்குள்ளிருந்து ஓர் அடிக்குரல், அதுவரை நான் கேட்டிராத குரல். பூனை வளர்க்கிற தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் வீடியோ போட்டேன். சிரிப்பு பொம்மைகளாக வந்து விழுந்தன. 'வெயிலுக்குப் பேசின் ஜில்லுனு இருக்கும், அதான்' என்றாள் ஒருத்தி. வெயில் காலத்தில் பூனைகள் பேசினில் படுப்பது உண்மைதான். ஆனால் படுப்பது வேறு, குந்துவது வேறு. வலியோடு சிறுநீர் போகிற பூனை அந்த வலிக்கு லிட்டர் டிரேதான் காரணம் என்று நினைத்து வழவழப்பான, குளிர்ந்த வேறு இடங்களைத் தேடும் என்பதை நான் மருத்துவமனையில்தான் கேட்டேன்.

அன்று சாயங்காலமே பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த டாக்டர் வயிற்றை மேலோட்டமாகத் தொட்டுப் பார்த்தார், 'முக்குறான்னா மலச்சிக்கல்தான்மா' என்று சொல்லி ஒரு சிரப் எழுதிக்கொடுத்தார். ஃபீஸும் மருந்துமாக எழுநூறு சொச்சம். அந்த எழுநூறு ரூபாயைவிட அதனால் போன ஓர் இரவும் ஒரு பகலும்தான் பெரிய நஷ்டம். ஆண் பூனை லிட்டர் டிரேயில் முக்குகிறது என்றால், முதலில் சிறுநீர் போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மலச்சிக்கல் பக்கம் போக வேண்டும். டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்: 'சார், சிறுநீர்ப்பை நிறைஞ்சிருக்கான்னு அமுக்கிப் பாருங்க.' இந்த ஒரு வரியை எனக்கு அன்று யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் மிச்சக் கதை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டான். அம்மாவுக்குப் போன் போட்டேன். 'ஏளா, சூடு புடிச்சிருக்கும், எளநி குடு, தொப்புள்ள வெளக்கெண்ணெ வை' என்றார். நமக்கு நீர்க்கடுப்பு வந்தால் செய்வதைத்தான் சொன்னார், அவர்மேல் தப்பு இல்லை. அந்த நேரத்தில் வீட்டில் இளநீர் இல்லாதது கேசரியின் அதிர்ஷ்டம். சிறுநீர் அடைத்தால் உடம்பிலிருந்து வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்திலேயே ஏறிக்கொண்டு போகும், கடைசியில் இதயத்தை நிறுத்துவது அதுதான். இளநீரில் இருப்பதோ நிறையப் பொட்டாசியம். அடைப்பு சந்தேகம் இருக்கும்போது இளநீர், மோர் என்று எதையும் புகட்ட வேண்டாம். வாய்வழியாக எவ்வளவு ஊற்றினாலும் வெளியேற வழியில்லாத இடத்தில்தான் போய்ச் சேரும். அதைவிட முக்கியம், வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதை முறித்து வெளியேற்ற முடியாது, மனிதர்கள் போடுகிற ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

இரவு பத்து மணிக்கு மேல் வாந்தி ஆரம்பித்தது. வெறும் நுரை. தூக்கினால் துணி மாதிரித் தொங்கினான். கூகுளில் கிடைத்த எண்களுக்கெல்லாம் அடித்தேன். சிலர் எடுக்கவில்லை, ஒரு இடத்தில் 'நாய் மட்டும்தான் மேடம் பாக்குறோம்' என்றார்கள், இன்னொரு இடத்தில் டாக்டர் இருக்கிறார் ஆனால் கதீட்டர், அதாவது சிறுநீர் வழியில் செலுத்துகிற மெல்லிய குழாய், இல்லை. அரைமணி நேரத்துக்கு மேல் இதிலேயே போனது. அந்த அரைமணி நேரம் நான் பட்டதை வார்த்தையில் சொல்ல வரவில்லை, கை நடுங்கி எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்திக்கொண்டிருந்தேன், பக்கத்தில் 'நான் பேசுறேன், நீ பூனையப் புடி' என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வரச் சொன்னார்கள். ஆப்பில் வந்த ஆட்டோக்காரர் பூனை என்றதும் கேன்சல் செய்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் கேரியரை எட்டிப் பார்த்துவிட்டு, 'ஏறும்மா, சிக்னலப் பாக்க வேணாம்' என்றார். அவருக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அங்கே டாக்டர் வயிற்றில் கைவைத்த உடனே முகம் மாறியது. சிறுநீர்ப்பை சாத்துக்குடி அளவுக்கு வீங்கிக் கெட்டியாக இருந்தது. என் கையைப் பிடித்து மெதுவாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நீங்களாக ஒருபோதும் அழுத்திப் பார்க்காதீர்கள், வெடித்துவிடும் என்றும் சொன்னார். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் எகிறியிருந்தது, பொட்டாசியமும்தான். ஈசிஜியில் துடிப்பு தாறுமாறாக இருந்தது. இதயத்தைக் காப்பாற்றக் கால்சியம் ஊசி, பக்கத்திலேயே டிரிப்ஸ், கொஞ்சம் நிலைப்பட்டதும் மயக்கம் கொடுத்துக் கதீட்டர். ஆண் பூனையின் சிறுநீர் வழி முனையில் மிகவும் குறுகலானது. சளிபோன்ற கழிவும் படிகத்துகள்களும் சேர்ந்து அங்கே அடைப்பாக உட்கார்ந்துகொள்ளும், சிலசமயம் கல்லாக இருக்கும், சிலசமயம் வெறும் வீக்கமும் இறுக்கமும் சேர்ந்தே அடைத்துவிடும். பெண் பூனைக்கு வழி அகலம் என்பதால் அடைப்பு அபூர்வம். அவற்றுக்கும் சிறுநீர்ப்பை அழற்சி வரும், வலிக்கும், ரத்தம் போகும், ஆனால் இப்படி மணிக்கணக்கில் உயிருக்கு வந்துவிடாது.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மயக்கத்திலேயே போய்விடலாம் என்று எழுதியிருந்தது. கையோடு இருபதாயிரம் முன்பணம். கிரெடிட் கார்டு இருந்ததால் தப்பித்தேன். கதீட்டரை இரண்டு மூன்று நாள் உள்ளேயே வைத்திருந்தார்கள். அடைப்பு எடுத்தபின் சிறுநீரகங்கள் ஏகத்துக்குச் சிறுநீரை வெளியேற்றும், அதற்கு ஈடாக டிரிப்ஸ் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், அதனால் 'அடைப்பு எடுத்தாச்சு, வீட்டுக்குப் போறேன்' என்று செலவுக்குப் பயந்து அன்றே கூட்டிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மொத்த பில் நாற்பதாயிரத்தை ஒட்டி வந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி அடைத்துக்கொண்டது. முதல் சில வாரங்களில் திரும்ப வருவது சகஜமாம். இந்தமுறை அவன் டிரேயில் வெறுமனே குந்திய அன்றே கொண்டுபோய்விட்டேன், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள், செலவும் பாதிதான் ஆனது. அதே நோய், அதே பூனை. சீக்கிரம் போனால் எவ்வளவு வித்தியாசம் என்பதை அதில் கண்கூடாகப் பார்த்தேன். அதற்குப்பின் இதுவரை வரவில்லை. மறுபடி மறுபடி வந்தால் குறுகலான முனையை நீக்கி வழியை அகலமாக்குகிற ஆபரேஷன் ஒன்று இருக்கிறது, அதற்கும் மனதளவில் தயாராகத்தான் இருக்கிறேன்.

எதனால் வந்தது என்று கேட்டேன். ஸ்கேனில் கல் இல்லை, கிருமியும் இல்லை. டாக்டர் என்னிடம் திருப்பிக் கேட்டார், 'வீட்டுல சமீபத்துல என்ன மாறுச்சு?' பக்கத்து மனையில் பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்ட ஆரம்பித்திருந்தார்கள். காலை எட்டிலிருந்து டிரில்லிங். லிட்டர் டிரே இருந்ததோ சரியாக அந்தச் சுவரை ஒட்டிய பால்கனியில். சத்தத்துக்குப் பயந்து அவன் பகலெல்லாம் அடக்கி வைத்துக்கொண்டிருந்திருக்கிறான். பூனைக்குச் சிறுநீர்ப் பிரச்சினை வருவதில் பெரும்பங்கு இப்படித்தானாம், காரணம் என்று ஒன்று கையில் அகப்படாது, மன உளைச்சல் சிறுநீர்ப்பையில் இறங்கும். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2011ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வழக்கமான பராமரிப்பு நேரமும் ஆளும் மாறியபோது, நோயே இல்லாத பூனைகள்கூட வாந்தி எடுத்தன, சரியாகச் சாப்பிடவில்லை, டிரேக்கு வெளியே போயின. வீடு மாறுவது, புதுக் குழந்தை, புதுப் பூனை, விருந்தாளிகள், பெயின்ட் வேலை, தீபாவளி வெடி, இதெல்லாம் நமக்கு ஒரு வாரத் தொல்லை. பூனைக்கு நோயாகவே வரும். அந்த மாதிரி நாட்களில் டிரேயைச் சத்தமில்லாத அறைக்கு மாற்றுங்கள், ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி போடுங்கள், சாப்பாட்டு நேரத்தை மாற்றாதீர்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப்பூனையின் மூதாதை வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. இரையில் இருக்கிற ஈரத்தைக்கொண்டே காலம் தள்ளிய ஜாதி, அதனால் தாகம் குறைவு. டிரை ஃபுட்டில் ஈரம் பத்து சதவீதம் அளவுதான், வெட் ஃபுட்டில் எழுபத்தைந்துக்கு மேல். டிரை ஃபுட் மட்டும் சாப்பிடுகிற பூனை அந்த வித்தியாசத்தைக் குடித்து ஈடுகட்டுவதில்லை. இப்போது கேசரிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த உணவோடு வெட் ஃபுட் பவுச்சும், உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த கோழியும் அதன் தண்ணீரும் கொடுக்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் வீட்டில் பல இடத்தில் வைத்திருக்கிறேன், அகலமான பாத்திரத்தில், மீசை இடிக்காதபடி. ஓடுகிற குழாய்த்தண்ணீர் பிடித்தால் குடிக்கட்டும், அது நல்ல பழக்கம். டிரேக்களின் எண்ணிக்கை பூனைகளைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பார்கள், ஒற்றைப் பூனைக்கே இரண்டு. வெறும் ஆற்றுமணலோ எம்-சாண்டோ போட்டால் சிறுநீர் போனதா என்றே தெரியாது, ஈரத்தில் கட்டி பிடிக்கிற லிட்டர் போடுங்கள். நாளுக்கு இரண்டிலிருந்து நான்கு கட்டி இருந்தால் நல்லது. பட்டாணி அளவில் நிறையத் துணுக்குகள் இருந்தாலோ, ஒன்றுமே இல்லாவிட்டாலோ, நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டியதுதான்.

இந்த அனுபவத்துக்குப் பின் பூனையின் பழக்கம் எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது, இது எப்போது ஆரம்பித்தது என்பதைத்தான். குட்டியிலிருந்து பிளாஸ்டிக் கவரை நக்குகிறதா, விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆறு வயதில் திடீரென்று லிட்டர் மண்ணைத் தின்கிறதா, ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருத்தடை ஆகாத பெண் பூனை தரையில் புரண்டு ஊளையிட்டால் அது இனச்சேர்க்கைப் பருவம், வயிற்றுவலி என்று மருந்து கொடுக்கக் கூடாது. வயதான பூனை நிறையச் சாப்பிட்டும் இளைத்துப்போய் இரவில் கத்தினால் தைராய்டாக இருக்கலாம், தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு நகரவில்லை என்றால் சிறுநீரகமோ சர்க்கரையோ. அலமாரிமேல் தாவுகிறவன் தாவாமல் நின்றால் மூட்டு. சுவரைப் பார்த்து நின்று மோப்பம் பிடித்தால் அங்கே பல்லி இருக்கும், சுவரில் தலையை முட்டுக்கொடுத்து அப்படியே நின்றால் மூளை சம்பந்தப்பட்டது, உடனே ஓட வேண்டும். சுவரோரம் நின்றபடி வாலை நடுக்கிப் பீய்ச்சுவது எல்லை குறிப்பது, குந்தி முக்குவது நோய். பர்ர்ர் என்று உறுமினால் சந்தோஷமாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள், கேசரி டிரிப்ஸ் ஏறும்போதுகூட உறுமிக்கொண்டிருந்தான், வலியிலும் பூனை உறுமும். வலியை முகத்தில் படிக்க ஒரு வழி இருக்கிறது. கனடாவில் மொன்ட்ரியால் பல்கலைக்கழகத்தினர் 2019ல் ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள்: காதுகள் விலகிச் சாய்ந்திருக்கிறதா, கண் இடுங்கியிருக்கிறதா, மூக்கும் வாயும் இறுகியிருக்கிறதா, மீசை விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. அந்தச் சனிக்கிழமை வீடியோவை இப்போது போட்டுப் பார்த்தால் ஐந்தும் அதில் இருக்கிறது.

வீடியோ எடுப்பது ரொம்ப உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். மருத்துவமனை மேசையில் பூனை பயத்தில் உறைந்துவிடும், வீட்டில் செய்ததை அங்கே செய்து காட்டாது. அந்த வீடியோவைப் பார்த்துத்தான் இரவு டாக்டர் எத்தனை மணி நேரமாக அடைப்பு இருந்திருக்கும் என்று கணித்தார். இன்றைக்கே உங்கள் பக்கத்து மருத்துவமனைகளுக்குப் போன் போட்டு மூன்று கேள்வி கேட்டு வையுங்கள்: பூனை பார்ப்பீர்களா, ராத்திரி டாக்டர் இருப்பாரா, ஆண் பூனைக்குக் கதீட்டர் போட வசதி இருக்கிறதா. சென்னையில் இருக்கிறவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியாரோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. கேரியரைப் பரணில் போடாதீர்கள், ஹாலில் திறந்தே கிடக்கட்டும், பூனை அதில் தூங்கிப் பழகினால் அவசரத்துக்கு உள்ளே தள்ளுகிற போராட்டம் இருக்காது. மாதம் ஆயிரம் ரூபாயாவது பூனை பேரில் தனியாக எடுத்து வையுங்கள்.

தனியாக வாழ்கிறவர்களுக்கு ஒன்று. நான் இப்போது பாளையங்கோட்டை போகும்போது மாடி வீட்டு அக்காவிடம் சாவியோடு ஒரு வேலையும் கொடுத்துவிட்டுப் போகிறேன்: சாப்பாடு வைத்தால் மட்டும் போதாது, லிட்டர் டிரேயில் எத்தனை கட்டி என்று எண்ணி எனக்கு அனுப்ப வேண்டும். முதலில் முகம் சுளித்தார், கதையைச் சொன்னதும் புரிந்துகொண்டார். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மெசேஜ் வந்துவிடுகிறது. ஒரு வேளை முழுக்க ஒன்றும் இல்லையென்றால் என் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் கேரியரோடு கிளம்பச் சொல்லியிருக்கிறேன், மருத்துவமனை எண்ணும் ஒரு பதினைந்தாயிரம் ரூபாயும் அவரிடமே இருக்கிறது.